பேய் பிடிக்க தனுஷ்கோடிக்கு வரும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்கள் சேனலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். மூன்று பேராக வந்தீர்கள், வெள்ளைக் காரைச் சர்ச் பக்கம் நிறுத்தினீர்கள், பொழுது சாயும் நேரம் என்றால் உங்களுக்கே புரிந்துவிடும். போன மாதம் நீங்கள் போட்ட வீடியோவின் முகப்பில், இடிந்த சர்ச் சுவரை ஒட்டி, வெள்ளைச் சேலையில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே, ‘தனுஷ்கோடியில் நேரில் சிக்கிய ஆவி’ என்று கொட்டை எழுத்து.

அந்த ஆவி என் அப்பத்தா.

அன்றைக்கு விற்காமல் மிஞ்சிய சங்கு மாலைகளைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, நான் வந்து கூட்டிப்போவேன் என்று காத்திருந்தார். ‘பாருங்க பிரண்ட்ஸ், அது அசையவே இல்ல’ என்று வீடியோவில் குசுகுசுக்கிறீர்களே, அதற்குக் காரணம் முழங்கால் வலி. யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருப்பார். நீங்கள் பக்கத்தில் வந்து கை கொடுத்திருந்தால் எழுந்து, எந்த ஊர், சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பார். இருபதடி தள்ளி நின்று ஜூம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். வீடியோவுக்குக் கீழேயே மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை பதில் இல்லை. இரண்டாம் தடவை விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்று வந்தது. மூன்றாம் தடவை என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது. மன்னிக்கவும்.

அப்பத்தாவுக்கு நாங்களாகக் காட்டவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளைப் பள்ளிக்கூடத்தில் ‘பேயோட பேத்தி’ என்று கூப்பிட ஆரம்பித்து, அவள் வீட்டில் வந்து அழுது, அப்படித்தான் விஷயம் அவர் காதுக்குப் போனது. காட்டுடா என்றார். கைபேசியை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ‘இது நானுல்ல?’ என்றார். அப்புறம், ‘சேல அழுக்கா இருக்கே, முன்னாடியே சொல்லிருந்தா வேற கட்டியிருப்பேன்ல’ என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது; தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். நான் மழுப்பினேன். மகள் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. சாக்கு ஊசியைத் தேடி எடுத்து மாலை கோக்க உட்கார்ந்தார். இரண்டு சங்கு கோத்த பிறகுதான், ‘பேய்க்கு வயிறு பசிக்குமாடா?’ என்று கேட்டார்.

அதிலிருந்து அவர் சாயங்காலம் சர்ச் பக்கம் உட்காருவதில்லை. எங்களுக்கு வியாபாரமே அந்த ஒரு மணி நேரம்தான். நிலம் முடியும் அரிச்சல்முனையில் பொழுது அடைவதைப் பார்க்கப் போகிறவர்கள் போகும்போது எதுவும் வாங்க மாட்டார்கள். திரும்பும்போதுதான் இறங்கி மாலை, சிப்பி, வலம்புரி இருக்கிறதா என்று கேட்பார்கள். இப்போது அப்பத்தா காலை பத்து மணிக்கே ரோட்டோரம் போய் மொட்டை வெயிலில் உட்கார்ந்து, நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறார். எண்பதைத் தொட்ட கிழவி. ‘இருட்டுல என்னயப் பாத்து யாரும் பயந்துட்டா?’ என்கிறார். நீங்கள் சம்பாதித்த பார்வைகளின் எண்ணிக்கை வீடியோவுக்குக் கீழேயே இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீடியோவிலும் முதல் ஒரு நிமிஷம் அதைத்தான் ஒப்பிக்கிறீர்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, புயல், பனைமர உயரத்துக்கு அலை, ஊரோடு போனது, 1800 பேருக்கு மேல் சாவு. சரி. அதற்கு முன்னால் இங்கே ரயில் நிலையம், சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன என்பதையும், எழும்பூரில் ரயில் ஏறியவர் இங்கே இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னார் வழியாகக் கொழும்பு போனார் என்பதையும் ஒரு வரியில் சொல்கிறீர்கள். அதுவும் சரி. அதற்குப் பிறகு வருகிறது பாருங்கள், ‘இன்றும் நள்ளிரவில் அந்த ரயிலின் சத்தம் கேட்கிறது’ என்று. அதைச் சொல்லிவிட்டு ஒரு ஹாரன் சத்தத்தையும் போடுகிறீர்கள்.

தம்பி, அது டீசல் எஞ்சின் ஹாரன். 1964இல் இங்கே வந்தது நிலக்கரி எஞ்சின். ஆவியாகப் போன பிறகு எஞ்சினை மாற்றிக்கொண்டதா?

பாம்பனில் இருந்து ராத்திரி 11:55க்குக் கிளம்பி, அலை அடித்துக்கொண்டு போன அந்தப் பாசஞ்சரில் 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள் என்பது கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை, டிரைவர் நிறுத்திக் காத்திருந்து பார்த்து, நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது அவர் கடைசியாகக் கொடுத்த விசில். அதன் இடத்தில்தான் நீங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஹாரனை ஒட்டியிருக்கிறீர்கள்.

அப்பத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் என் அப்பா. தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் மணல்மேட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது இடுப்பில் பிள்ளை இருந்தது. விடிந்து பார்க்கும்போது இல்லை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் அவர் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. இந்த மடலில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். ‘வேணாம், அவிங்க வாயில அது விழுக வேணாம்’ என்று சொல்லிவிட்டார்.

அந்த ராத்திரியில் செத்துப் பேயாக அலைகிறவர்கள் என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்களோ, அதில் என் பெரியப்பனும் ஒருவர். ஒன்றரை வயது.

‘பேய் நகரம்’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புயலுக்குப் பிறகு அன்றைய மெட்ராஸ் அரசு இதை ஆட்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தது. அதை ஆங்கிலத்தில் ‘கோஸ்ட் டவுன்’ என்று எழுதினார்கள். ஆள் காலி செய்துவிட்டுப் போன ஊரை அந்த மொழியில் அப்படிச் சொல்வது வழக்கமாம். தங்கச் சுரங்கம் தீர்ந்துபோன ஊருக்கும் அதே பெயர்தானாம். தமிழில் அதற்குப் பாழூர் என்ற நல்ல சொல் இருக்கிறது. யாரோ ஒருவர் அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘பேய் நகரம்’ என்று எழுதப்போய், அது இன்றைக்கு என் அப்பத்தாவின் முதுகு வரை வந்து நிற்கிறது.

பாழூர் என்பதுகூட முழுக்கச் சரியில்லை. கம்பிப்பாடு, பாலம், முகுந்தராயர் சத்திரம் என்ற குடியிருப்புகளில் ஆட்கள் இருக்கிறோம். மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறோம். இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவில் நல்ல தண்ணீர் சுரப்பதுதான் இந்த ஊரில் உண்மையான அதிசயம், அதை ஒருத்தரும் வீடியோ எடுப்பதில்லை. பெண்கடல் (வடக்கே பாக் நீரிணை) கொந்தளித்தால் ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கம் போகிறோம், அது கொந்தளித்தால் இந்தப் பக்கம் வருகிறோம். கரைவலை இழுக்க முப்பது பேர் சேருகிறோம். வாழத் தகுதியில்லை என்று தாளில் எழுதிவிட்டதால், வாழ்கிறவனுக்குக் கரண்ட் எதற்கு, கம்பம் எதற்கு என்று ஆகிவிட்டது. குடிசைகளில் சோலார் விளக்குத்தான். அந்த மினுக்கு வெளிச்சத்தையும் உங்களில் ஒருவர் கொள்ளிவாய்ப் பிசாசு என்று எடுத்துப் போட்டிருந்தார். ரொம்ப நன்றி. கரண்ட் வரும்வரை பிசாசாகவே காலத்தை ஓட்டிக்கொள்கிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

பழைய கட்டடம் என்றால் பேய்க்கதை வருவது உலக வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். புனேயில் சனிவார் வாடா கோட்டையில் பௌர்ணமி ராத்திரியில் ‘சித்தப்பா, என்னைக் காப்பாற்று’ என்று ஒரு குரல் கேட்கும் என்பார்கள். 1773 ஆகஸ்ட் 30 அன்று அங்கே வெட்டிக் கொல்லப்பட்ட பதினெட்டு வயதுப் பேஷ்வா நாராயணராவின் குரல் அது. கேட்கிறதோ இல்லையோ, கதை சொல்கிறவனுக்குச் செத்தவன் பெயர் தெரியும், சித்தப்பா ரகுநாதராவின் ஆட்கள் என்று பழி யார் மேல் என்பதும் தெரியும். அங்கே பேய்க்கதை ஒரு கொலையை இருநூற்றைம்பது வருஷமாக மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. நீங்கள் இங்கே சொல்கிற கதையில் ஒரே ஒரு ஆளின் பெயராவது இருக்கிறதா? ‘ஒரு உருவம்’, ‘ஏதோ ஒன்று’, ‘அது’.

ராஜஸ்தானில் பாங்கர் கோட்டை வாசலில், பொழுது சாய்ந்த பிறகு யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த பலகையே பேய்க்குச் சாட்சியாகிவிட்டது. அரசாங்கமே பயப்படுகிறது பார் என்கிறார்கள். அதே கதைதான் இங்கேயும். சாயங்காலத்துக்கு மேல் போலீஸ் திருப்பி அனுப்புவதைப் பெரிய மர்மமாகக் காட்டுகிறீர்கள். விளக்கு இல்லை, அரிச்சல்முனையில் கடல் ஆளை இழுத்துவிடும், எதிரே இலங்கை. இதில் என்ன மர்மம்? அப்புறம் சர்ச்சுக்குள் ஊளைச் சத்தம். கூரை இல்லாத கட்டடம், சன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை, வாடைக் காற்று. வாய் குறுகிய காலிப் பாட்டிலின் வாய்க்குக் குறுக்கே ஊதிப் பாருங்கள், உங்கள் வீட்டிலேயே பேய் வரும்.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறக்கும் முன்னால், மணலில் வேன் ஓட்டிச் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போன ஆட்களில் நானும் ஒருவன். ரயில் சத்தம் கேட்கும் அண்ணே என்று நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னால் இருபது ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒருநாள் வேனில் இடம் இருக்கிறதே என்று அப்பத்தாவும் பின்னால் ஏறியிருந்தார், நான் கவனிக்கவில்லை. கதையை முழுக்கக் கேட்டார். வீட்டுக்கு வந்து சோறு போட்டார். சாப்பிட்டு முடிக்கும் வரை பேசாமல் இருந்து, ‘அந்த இருவது ரூவாய எனக்குத் தா’ என்று வாங்கி, மறுநாள் சர்ச்சில் மெழுகுவத்தி வாங்கிக் கொளுத்தினார். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை வாயில் எடுத்ததில்லை. உங்களிடம் கோபப்படும்போது பாதிக் கோபம் அந்த வேன்காரன் மேல்தான்.

அதனால் கேட்பதைச் சுருக்கமாகக் கேட்டுவிடுகிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். வீடியோ முழுவதையும் எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் பிழைப்பு உங்களுக்கு. அப்பத்தா வருகிற அந்த நாற்பது வினாடியையும் முகப்புப் படத்தையும் எடுத்தால் போதும். முடிந்தால் தலைப்பில் பேய் நகரம் என்பதற்குப் பதில் புயல் அழித்த ஊர் என்று போடுங்கள். சர்ச் சுவரில் கரியால் மண்டை ஓடு வரைந்தது நீங்களாக இருக்காது என்றே நம்புகிறேன். இருந்தால், அதை உரசிக் கழுவ வேண்டாம். பவளக் கல்லும் சுண்ணாம்பும் உப்புக் காற்றில் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது, தேய்த்தால் சுவரே கையோடு வந்துவிடும். இனிமேல் வரைபவர்களைத் தடுத்தால் பெரிய உதவி.

மறுபடி வருவதானால் பகலில் வாருங்கள். ரோட்டோரம் நீலத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இருப்பார். கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்.

படத்தை எடுத்ததும் தயவுசெய்து என்னை பிளாக்கில் இருந்து விடுவித்து ஒரு வரி எழுதுங்கள். எடுத்துட்டாய்ங்களா, எடுத்துட்டாய்ங்களா என்று தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கேட்கிறார்.

இப்படிக்கு,
சங்கு விற்கும் கிழவியின் பேரன்,
தனுஷ்கோடி