காலாண்டுத் தேர்வும் வேளாங்கண்ணித் திருவிழாவும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். சுதந்திர தின விழா சிறப்பாக நடந்தது. தமிழ் மன்றமும் அறிவியல் மன்றமும் வழக்கம்போல் இயங்குகின்றன. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் கேட்டபடி குடிநீர்த் தொட்டி கழுவப்பட்டுவிட்டது. காலாண்டுத் தேர்வு அட்டவணை இக்கடிதத்தின் பின்பக்கத்தில் உள்ளது.

இனி, திருவிழா.

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறியதிலிருந்து மாலையில் கடைசிப் பாடவேளைக்கு ஆள் குறைகிறது. காலையில் முதல் பாடவேளையில் பாதி வகுப்பு மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறது. வயிற்றுவலி, வாந்தி என்று விடுப்புக் கடிதங்கள் வருகின்றன. செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், 8 அன்று மாதா பிறந்தநாள் என்று கூட்டம் இனிமேல்தான் கூடப்போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் இப்போதே.

திருவிழாவுக்கு அனுப்பாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கடல் பக்கத்தில் பிறந்த பிள்ளையிடம் ராட்டினமும் வறுத்த மீனும் வேண்டாம் என்றால் கேட்குமா? உங்களில் பலருக்கு இந்தப் பத்து நாள் வியாபாரத்தில்தான் வருடத்தின் பெரிய செலவுகள் அடைபடுகின்றன என்பதும் தெரியும். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும், முதலில் ராட்டினம், பிறகு மீன், இரவு ஒன்பதுக்குள் வீடு.

வரிசை மாறுவதுதான் பாதி வாந்திக்குக் காரணம். எண்ணெயில் பொரித்தது வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும். மீன், மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம் என்று நிரப்பிக்கொண்டு கொலம்பஸ் கப்பலில் ஏறினால் வேறென்ன நடக்கும்? சாப்பிட்டுவிட்டிருந்தால் ஒரு மணி நேரமாவது கழியட்டும். கப்பலில் இரு முனைகளும்தான் அதிக உயரம் போகும். தலைசுற்றும் பிள்ளையை நடு வரிசையில் உட்கார வையுங்கள். ராட்டினத்தில் ஏறுமுன் பெண் பிள்ளைகளின் கூந்தலைப் பின்னிக் கொண்டையாக முடியுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சுழலும் அச்சில் முடி சிக்குவது மிக மோசமான விபத்து. இருக்கையின் குறுக்குக் கம்பியைப் பூட்டியதும் நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கம்பிக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த ராட்டினத்துக்கு அந்தப் பிள்ளை இன்னும் வளரவில்லை என்று பொருள். "பிடிச்சுக்கிட்டா போதும்" என்று இயக்குபவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

மீன் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க எங்களுக்குத் தகுதியில்லை. ஆனாலும் வீட்டுக்கு வாங்கும்போது பார்க்கிற கண்ணையும் செவுளையும் திருவிழாக் கடையில் பார்க்க முடிவதில்லை. தலை போய், துண்டாகி, மசாலா பூசி, தட்டில் அடுக்கிய பிறகுதான் மீன் நம் கண்ணில் படுகிறது. கெட்ட மீனின் நாற்றத்தையும் மசாலா மறைத்துவிடும். அதனால் தட்டில் இருப்பதை விட்டு, பெட்டியில் ஐஸில் இருக்கும் மீனை எடுத்துப் பூசி வறுக்கச் சொல்லுங்கள். மதியம் அரைவேக்காடாகப் பொரித்து வைத்ததை இரவில் மறுபடி எண்ணெயில் போடுவதும் உண்டு. அந்தத் துண்டின் மேல்பக்கம் கறுகியிருக்கும், உள்ளே சதை வறண்டு மாவாக உதிரும். மிளகாய்த்தூளின் சிவப்பு எண்ணெயில் கருக்கும். வறுத்த பின்னும் ரோஜா நிறத்தில் பளபளத்தால் சாயம் என்று சந்தேகப்படுங்கள்.

சூரையும் கானாங்கெளுத்தியும் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு வறுத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவக்கும், நாக்கு சுள்ளென்று எரியும், தடிப்பும் தலைவலியும் வரும். "மீன் சூடுதான்" என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இறால், நண்டு ஒவ்வாத பிள்ளைகள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வஞ்சிரம் மட்டும் வாங்கிக் கொடுத்தாலும் ஆபத்து உண்டு, ஏனென்றால் இறால் பொரித்த அதே சட்டியில்தான் வஞ்சிரமும் பொரிகிறது. ஒவ்வாமைப் பொருள் சூட்டில் அழிவதில்லை, எண்ணெயில் தங்கிவிடும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 108. இப்படியான ஒவ்வாமை இருந்தால் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு நடுமுள் மட்டுமுள்ள வஞ்சிரத் துண்டே நல்லது. சங்கரா பெரியவர்களுக்கு இருக்கட்டும். தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்க வைக்காதீர்கள், முள் இன்னும் ஆழமாக இறங்கும். பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் கலந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை போட்டது. இளஞ்சிவப்பில் எவர் விற்றாலும் கடந்து போங்கள்.

தொலைந்துபோவது பற்றி ஒன்று. நடைப்பயணமாக வரும் கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் காவிதான். பிள்ளைக்கு வேறு நிறத்தில் சட்டை போட்டால் தேடுவது எளிது. உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பிரிந்தால் சந்திக்கும் இடமாக ஒரு கடையைச் சொல்லாதீர்கள், எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்கும். பேராலய முகப்பைச் சொல்லுங்கள். கடலில் காலை நனைக்கக்கூடத் தனியாக விட வேண்டாம்.

கடை வைத்திருக்கும் பெற்றோருக்கு: பிள்ளை பள்ளி விட்டு வந்து தட்டு எடுத்துக் கொடுப்பதைச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் எண்ணெய்ச் சட்டி, எரிவாயு உருளை பக்கம் பிள்ளை நிற்கக் கூடாது. எண்ணெய் தெறித்தால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி நேரத்தில் சீருடையோடு எந்த மாணவரும் கடைத்தெருவில் இருக்கக் கூடாது. இருந்தால் அன்றே பெற்றோரை அழைப்போம். திருவிழாவுக்குப் போய்விட்டுக் காய்ச்சல் என்று எழுதிய விடுப்புக் கடிதத்தை ஏற்க மாட்டோம். அதில் பெற்றோர் கையொப்பம் இருப்பதுதான் எங்களுக்கு அதிக வருத்தம். பொய்யை எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டு, தேர்வில் நேர்மையாக எழுதச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உண்மையான காரணம் எழுதிக் கேட்டால் தேர்த் திருநாள்களில் அனுமதி தருவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

எழுதிய பிறகு கடுமையாகத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெற்றோர் இதையெல்லாம் ஏற்கெனவே செய்கிறீர்கள். சீருடையில் வந்த பிள்ளைகளுக்கு மீன் தராமல், "போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிய கடைக்காரப் பெற்றோருக்கு ஆசிரியர்கள் அனைவரின் நன்றி. மாலையில் பள்ளி வாசலில் நின்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டம் தாண்டிவிட்ட தாய்மார்களுக்கும் நன்றி.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டைக் கிழித்து, ஒவ்வாமை விவரமும் அவசரத் தொடர்பு எண்ணும் நிரப்பி, செப்டம்பர் 5-க்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்