மும்பை சர்வரில் கிடைத்த நல்ல மனுஷருக்கு

போன சனிக்கிழமை ராத்திரி வாலரண்ட் என்கிற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் எங்கள் அணிக்கு ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. மும்பை சர்வர் என்றாலே மைக்கில் பெரும்பாலும் இந்திதான் ஓடும், எனக்கு 'ஆகே', 'பீச்சே' தாண்டி ஒன்றும் தெரியாது; நான் தடுமாறுவதைப் பார்த்து நீங்கள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டீர்கள். அசென்ட் மேப்பில் ஸ்பைக் என்கிற குண்டை டிஃப்யூஸ் செய்யும்போது என் திரை உறைந்து, திரும்பி வந்தால் செத்துக் கிடக்கிறேன். மற்ற மூன்று பேரும் திட்டித் தீர்த்தார்கள். நீங்கள் மட்டும், "பாக்கெட் லாஸ் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டீர்கள், அதாவது வழியிலேயே எவ்வளவு டேட்டா தொலைகிறது என்று.

பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 38 மில்லிசெகண்ட்தான், அதில் குறையில்லை. ஆனால் செட்டிங்ஸில் அந்த கிராஃபை ஆன் பண்ணச் சொன்னீர்கள் பாருங்கள், லாஸ் 12 சதவீதம் வரை எகிறுகிறது! ஆறு மாதமாக இன்டர்நெட்காரரோடு நான் போட்ட சண்டையெல்லாம் வீண். என் வைஃபை இருந்தது 2.4 கிகாஹெர்ட்ஸில், புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதானாம். கீழே அம்மா பால் சூடாக்கினால் மாடியில் நான் சாவேன், அவ்வளவுதான் கணக்கு. 7-13 என்று தோற்ற பிறகும் கேமுக்குள் உங்கள் பார்ட்டியில் (சேர்ந்து விளையாடும் குழுவில்) சேர்த்துக்கொண்டு, அரை மணி நேரம் பொறுமையாக 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற வைத்தீர்கள், முடிந்தால் லான் கேபிளே இழுத்துவிடு என்றீர்கள்.

இழுத்துவிட்டேன், 15 மீட்டர், ஜன்னல் வழியாக. (அப்பா அதில் துண்டு காயப்போட்டார், அது வேறு கதை.) இப்போது லாஸ் பூஜ்யம். ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறேன், இன்னும் அப்படியே நிற்கிறது. ரொம்ப நன்றி பாஸ், அடுத்த முறை ஒரே அணியில் வந்தால் ஆபரேட்டர் துப்பாக்கி என் செலவு.