கரையோரத்தில் ஓர் இழையைத் தாருங்கள்

கடலடிக் கேபிள்களை வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் கேபிள் கரையேறும் நிலையத்தில் தகவலை ஒளியாகச் சுமக்கும் கண்ணாடி இழைகளில் ஒன்றை, அது இயலாதென்றால் ஓர் அலைநீளத்தையாவது (இழைக்குள் ஒரு நிற ஒளிக்கான தனித் தடத்தையாவது), நிலநடுக்க ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பூமியின் மேற்பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். நிலநடுக்கமானிகளோ பெரும்பாலும் நிலத்தில் இருக்கின்றன. கடலடியில் பிறக்கும் நடுக்கம் கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. சுனாமி எச்சரிக்கையில் அந்தத் தாமதம் உயிர்களின் கணக்கு. ஆழ்கடலில் கருவிகளை இறக்கிப் பராமரிக்க ஆகும் செலவை நீங்களே நன்கு அறிவீர்கள். உங்கள் கேபிள் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது.

இழைக்குள் எதையும் பொருத்த வேண்டியதில்லை. 125 மைக்ரான் தடிமனுள்ள அந்தக் கண்ணாடி, உருகி உறையும்போதே நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகளைத் தனக்குள் வைத்துக்கொண்டுவிடுகிறது. கரையிலிருந்து ஒரு லேசர் துடிப்பை அனுப்பினால், வழியெங்கும் அதில் துளித்துளி ஒளி சிதறித் திரும்புகிறது. இழையில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் என்பதால், திரும்பிய நேரத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம். 100 நானோவினாடித் துடிப்பு என்றால் சுமார் 10 மீட்டர் துல்லியம். தரை அதிரும்போது இழை சில நானோமீட்டர் நீண்டு சுருங்கும். திரும்பும் ஒளியின் கட்டம், அதாவது அந்த அலையின் ஏற்ற இறக்க நிலை, மாறும். கடலுக்குள் உணர்வது கண்ணாடிதான். கருவிப்பெட்டி கரையிலேயே இருக்கிறது.

2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில், பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த ஓர் ஆய்வுக் கேபிளின் 20 கிலோமீட்டரை நான்கு நாட்கள் மட்டும் கடன் வாங்கினார்கள். ஏறத்தாழ 10,000 உணரிகளுக்கு நிகரான பதிவு கிடைத்தது. நிலத்தில் நேர்ந்த ஒரு சிறு நடுக்கம் பதிவானது. கடலடியில் அதுவரை வரைபடத்தில் இல்லாத பிளவுகளும் தென்பட்டன. வேலையின்றிக் கிடந்த நான்கு நாட்களுக்கு இவ்வளவு விளைச்சல்!

வரம்புகளையும் மறைக்கவில்லை. வழியில் மங்கும் ஒளியை வலுவூட்டும் ரிப்பீட்டர்கள் அதை ஒரே திசையில்தான் விடும் என்பதால், வழக்கமான முறையில் சிதறல் திரும்புவது கரையிலிருந்து முதல் ரிப்பீட்டர் வரை மட்டுமே. அதற்கப்பால் வேறு வழிகள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிலியின் வல்பராய்சோ வரை செல்லும் க்யூரி கேபிளில், வழக்கமான தகவல் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, கவனித்தே நடுக்கங்களைக் கண்டார்கள். 2021இல் ஆய்வு வெளியானது. எங்கே நேர்ந்தது என்பதை அந்த முறையால் மட்டும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டே பிரிட்டனையும் கனடாவையும் இணைக்கும் 5,860 கிலோமீட்டர் கேபிளில், ரிப்பீட்டர்களுக்கு இடைப்பட்ட பகுதிகளைத் தனித்தனியே கேட்டுக் காட்டினார்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. போக்குவரத்து கெடுமோ என்ற அச்சத்துக்குத் தனி அலைநீளம் பதில் சொல்லிவிடும். ரகசியம்தான் கடினமான கேள்வி. இழை நடுக்கத்தோடு நிற்காது. கப்பலையும் நீர்மூழ்கியையும், கரையில் காலடியையும் கேட்கும். அதனால் மூலத்தரவு முழுவதையும் உலகுக்கு விரித்துவைக்க நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு டெராபைட் கணக்கில் குவியும் அதை யாரும் முழுதாக வைத்திருக்கவும் போவதில்லை. நிலநடுக்க அலைவரிசையை மட்டும் வடிகட்டி, அலை வந்த நேரத்தையும் வலிமையையும் உடனுக்குடன் எச்சரிக்கை மையங்களுக்கு அனுப்பினால் போதும். வடிகட்டும் விதியை நீங்களும் அரசுகளும் சேர்ந்தே எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். பேச்சுவார்த்தை என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் எரிச்சலூட்டுகிறது.

உங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை கேபிள் பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலும் நங்கூரங்களாலும் மீன்பிடிக் கருவிகளாலும். நங்கூரம் தரையில் இழுபடும் அதிர்வை அதே இழை முன்கூட்டியே கேட்கக்கூடும். கப்பலை எச்சரிக்க அவகாசம் கிடைக்கும்.

புதிய கேபிளுக்கான ஒப்பந்தங்களில், கரையோரப் பகுதிக்குக் கூடுதலாக ஓர் இழையையும் நிலையத்தில் ஒரு கருவிப்பெட்டிக்கான இடத்தையும் மின் இணைப்பையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். பழைய கேபிள்களில் அடுத்த பராமரிப்பு நிறுத்தம் எப்போது என்பதை அருகிலுள்ள ஆய்வு நிறுவனத்துக்கு முன்னதாகத் தெரிவியுங்கள்; கருவியோடு அவர்கள் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கரையோரத்தில் வாழும் ஒரு வாசகர்