சென்னையின் கனிம வேதியியல் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நகரக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். உலோக அணைவுச் சேர்மங்களை (உலோக அணுவைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தவை) புற்றுநோய் மருந்தாக்கும் நோக்கில் எழுதப்படும் ஆய்வேடுகளை விடாமல் படிக்கிறேன். மாணவர்களின் உழைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் பல ஆய்வேடுகள் ஒரே தடத்தில் செல்கின்றன. புதிய ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு), அதனுடன் தாமிரமோ ருத்தேனியமோ, படிக அமைப்பு, டி.என்.ஏ. பிணைப்பு, கணினியில் டாக்கிங் (சேர்மம் இலக்கில் எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு), ஹீலா எனும் ஆய்வகப் புற்றுநோய்ச் செல்களில் பாதியைக் கொல்லும் செறிவு. பிளாட்டினம் கொண்ட புற்றுநோய் மருந்தான 'சிஸ்பிளாட்டினைவிட வீரியமானது' என்று கடைசி அத்தியாயம் முடிகிறது. பிறகு அந்தச் சேர்மத்தை யாரும் தொடுவதில்லை.

சிஸ்பிளாட்டின் எப்படி மருந்தானது என்பதை நீங்களே வகுப்பில் சொல்கிறீர்கள். 1840களிலேயே தயாரிக்கப்பட்ட பொருள் அது. 1965இல் பார்னெட் ரோசன்பெர்க் குழு, மின்புலத்தில் பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்டுகொண்டே போனதைக் கண்டது. காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று விடாமல் தேடிக் கண்டுபிடித்தது. கரைசலில் உண்மையில் என்ன இருக்கிறது என்ற அந்தக் கேள்விதான் 1978இல் அமெரிக்க ஒப்புதல் வரை கொண்டுபோனது.

அந்தக் கேள்வியைத்தான் நம் ஆய்வேடுகளில் தேடுகிறேன். இரத்தத்தில் குளோரைடு மிகுதி, அதனால் சிஸ்பிளாட்டின் பெருமளவு மாறாமல் பயணிக்கிறது. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே சேர்மத்திலுள்ள குளோரைடு விலகி நீர் நுழைகிறது, பின்னர் பிளாட்டினம் டி.என்.ஏ.வின் குவானின் என்ற பகுதியைப் பற்றி அதை வளைக்கிறது. இவ்வளவு நுட்பமான சேர்மத்தை டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்து இரவெல்லாம் வைத்தால், அந்தக் கரைப்பானின் கந்தகமே குளோரைடின் இடத்தைப் பிடித்துவிடும். மறுநாள் செல்லில் சேர்ப்பது வேறொரு பொருள். தாமிரச் சேர்மங்களின் நிலையும் எளிதன்று. செல்லுக்குள் இருக்கும் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு தாமிரத்தை ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) ஈனியைக் கழற்றிவிட்டால், செல்லைக் கொன்றது அணைவுச் சேர்மமா, வெறும் ஈனியா?

ஆகவே நிலைப்புத்தன்மையை முதல் அத்தியாயமாக்குங்கள். உப்புக் கரைசலிலும் குருதிநீர்ப் புரதங்களோடும் சேர்மம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று தெரியாமல் செல் சோதனைக்கு அனுப்பாதீர்கள். இயல்பான செல்களையும் சிஸ்பிளாட்டினுக்கு எதிர்ப்புப் பெற்ற செல்களையும் சேர்த்துச் சோதியுங்கள். தோல்வியடைந்த சேர்மங்களையும் ஆய்வேட்டில் பதிவு செய்யுங்கள். நச்சுத்தன்மையை மட்டும் துரத்துவதால் பயனில்லை. சிஸ்பிளாட்டினுக்குப் பின் வந்த பிளாட்டின மருந்தான கார்போபிளாட்டினில் மெதுவாக விலகும் ஈனியை வைத்ததால் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது, ஆனால் இரத்தத் தட்டணுக்கள் குறைவது புதிய தொல்லையானது. நாமி-ஏ (NAMI-A) போன்ற ருத்தேனியச் சேர்மங்கள் மனிதச் சோதனைவரை சென்றும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இன்னொரு வேண்டுகோள், எனக்கு இதுவே முக்கியம். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், ஐ.ஐ.டி.யும், கிண்டி வளாகத்து ஆய்வகங்களும் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொரு ஆய்வுக் குழுவிலும் ஒரு புற்றுநோய் மருத்துவரைச் சேருங்கள். கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் பெறும் பெண்ணுக்குச் சிறுநீரகம் தாங்குமா, காது கேட்குமா, விரல் மரத்துப்போகுமா என்பதை அவர் நேரில் பார்க்கிறார். எந்தத் துன்பத்தைக் குறைக்க அடுத்த மூலக்கூறை வடிவமைக்க வேண்டும் என்று மாணவருக்கு அவரால் சொல்ல முடியும்.

வரும் கல்வியாண்டில் பதிவு செய்யும் மாணவர்களிடமிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்,
சென்னை