தும்பிக்கை வைத்த லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பெரிய அத்தை வீட்டுப் பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்பெல்லாம் அந்நேரம் 'மீட்டிங்கில் இருக்கிறேன் அப்பா' என்பாய். லீவாக இருக்கலாம். பிழை திருத்துகிற வேலையைக்கூட இப்போது கம்ப்யூட்டரே செய்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. அதற்காகக் கேட்கவில்லை.

நேற்று பரணில் அந்த டப்பா அகப்பட்டது. நம் அச்சகத்துப் பழைய ஈய எழுத்துகள். தும்பிக்கை வைத்த லை, ளை, னை, சுழித்த ணா, எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1978இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தியதும் எழுத்துப் பெட்டியில் இவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. அச்சுக்கோக்கிற கம்பாசிட்டர் மாமாதான் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் முடிந்து வைத்தார். பழைய எழுத்தில்தான் கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்று பெரியவர்கள் வந்தால் அந்த முடிச்சை அவிழ்ப்பார்.

ஒரு லையை எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் அந்தச் சின்னக் காடி விரலுக்குத் தட்டுப்பட்டது. அதைத் தடவியே எழுத்து நேராக நிற்கிறதா என்று மாமா பார்க்காமல் சொல்வார். உனக்கும் சொல்லிக்கொடுத்தார். ஏழு வயதில், அச்சுக்கோக்கும் ஸ்டிக்கில் கோத்த வரியை, எழுத்து இடம் வலம் மாறி நின்றாலும், தடுக்காமல் படித்தவள் நீ. இன்று உன் கண்ணுக்கு ஒரு பிழை தப்புவதில்லை என்றால் அது அங்கே வந்தது. எந்த இயந்திரம் வந்தாலும் அது உன்னிடம்தான் இருக்கும். ஆனால் மூன்று மாதமாக எங்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையே, அது நியாயமா?

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. 1998 பொங்கலுக்கு முன்பே நான் கம்ப்யூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. 'பொங்கல் கழியட்டும், சொல்லி அனுப்புகிறேன்' என்றேன். 22 வருடம் நம் அச்சகத்தில் நின்று உழைத்த மனிதர். சொல்லி அனுப்பவே இல்லை. எழுத்துகளை எடைக்குப் போட்ட அன்று அவராகவே வந்தார். ஈயம் தராசில் ஏறுவதை வாசலில் நின்று பார்த்தார். நான் உள்ளே கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. அம்மாதான் காப்பி கொடுத்தாள். போகும்போது இந்த டப்பாவை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் காலமாகும்வரை அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்ததில் தப்பில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, பாப்பா.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் போடட்டுமா? மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் இருப்பாய் என்று அம்மாவும் கேட்க மாட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா