கிரைண்டிங், வெல்டிங், சிமெண்ட் வேலை பார்க்கும் எல்லாருக்கும்: கண் பத்திரம்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். கிரைண்டர் பிடித்தால் பக்கமும் மூடிய காகிள்ஸ், அதற்கு மேல் ஃபேஸ் ஷீல்ட் கட்டாயம். பக்கத்தில் நிற்பவரும் காகிள்ஸ் போடணும். வியர்வையில் ஆவி படியுதுன்னு நெற்றிக்கு ஏற்றாதீங்க, ஓரமாக வந்து துடைத்துட்டுப் போடுங்க.

இரும்புத் தூள் விழுந்தால் கசக்கவே கூடாது. துணி முனையால் எடுக்கிறேன்னு வர்றவரையும் விடாதீங்க, நேரே டாக்டரிடம் போங்க. சிமெண்ட் தண்ணீர்தான் எனக்கு ரொம்பப் பயம். அதிலுள்ள சுண்ணாம்பு உள்ளே அரிச்சுக்கிட்டே போகும். அங்கேயே இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்து ராத்திரிதான் எரியும்.

கண்ணில் எது பட்டாலும் சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொல்லுங்க. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி வைத்தியச் செலவு முதலாளி பொறுப்பு. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 995.