ஆண்டறிக்கை: கிரான்யு வேல் கடற்பாட்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இச்சங்கம், இந்தக் கரையிலேயே பிறந்து இந்தக் கடலிலேயே ஆண்ட 16ஆம் நூற்றாண்டுக் குலத்தலைவி கிரான்யே ஓ மாலியைப் பற்றித் தமிழில் ஒரு கடற்பாட்டு ஆக்க வேண்டுமென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தது. அப்பணியைப் பாடற்குழு ஆண்டு முழுவதும் மேற்கொண்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால், பாட்டு எவ்வாறு உருவானது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்கினோம். இவ்வூர் மக்கள் அவரைக் கிரான்யு வேல் என்றழைக்கிறார்கள். ‘மொட்டைத் தலைக் கிரான்யே’ என்பது அதன் பொருள். ஸ்பெயினுக்குச் செல்லும் கப்பலில் தன்னையும் ஏற்றிக்கொள்ளுமாறு சிறுமி கேட்க, நீண்ட கூந்தல் கயிறுகளில் சிக்கும் என்று தந்தை மறுக்க, அவள் அன்றே கூந்தலை அறுத்தெறிந்து வந்து நின்றாள் என்பது கதை. ‘வேல்’ என்ற ஒலி நம் காதில் விழுந்தவுடன் எழுந்த மகிழ்ச்சியை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொருளில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் நம் நாவுக்கு அது பழகிய நெடில்.

அந்த நெடில்தான் பின்னர் பாட்டையே காப்பாற்றியது. ஷாண்டி எனப்படும் மாலுமிப் பாட்டு மேடையில் பாடப் பிறந்ததன்று. பாய்மர வணிகக் கப்பல்களில், குறிப்பாக 19ஆம் நூற்றாண்டில், பாயேற்றவும் நங்கூரம் தூக்கவும் பல கைகளை ஒரே கணத்தில் இழுக்க வைத்த வேலைப்பாட்டு அது. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் மறுமொழியில் குறிப்பிட்ட அசை வரும்போது சேர்ந்து இழுப்பார்கள். நம் கரைவலைக்காரர்களின் அம்பாப் பாட்டில் ‘ஏலேலோ’ செய்யும் வேலையும் இதுவே. முதல் வரைவை நான் எழுதினேன். நீண்ட அடிகளும் எதுகை மோனையும் சிறப்பாக அமைந்துவிட்டன என்று நம்பி, மண்டபத்துக்குப் பின்னாலுள்ள மரக்கிளையில் கப்பி மாட்டி, மணல் மூட்டையைக் கட்டி, எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துப் பாடிப் பார்த்தோம். மூட்டை ஒரு முழம்கூட எழும்பவில்லை. எந்த அசையில் இழுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்னால் நின்றவரின் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்ததுதான் மிச்சம். அந்த வரைவு முழுவதையும் கைவிட்டேன். அடுத்த வாரம் கீழ்க்கண்டவாறு பாடியபோது மூட்டை கிளையைத் தொட்டது:

கூந்தல் அறுத்தவள் யாரோ? – கிரான்யு வேல்!
கயிற்றைப் பிடித்தவள் யாரோ? – கிரான்யு வேல்!

‘ரா’வில் ஓர் இழுப்பு, ‘வே’யில் ஓர் இழுப்பு. இதற்கு மேல் பாட்டுக்கு அலங்காரம் வேண்டாம் என்பது குழுவின் ஒருமித்த முடிவு.

கிரான்யே ஏறத்தாழ 1530 முதல் 1603 வரை வாழ்ந்தவர். ஆகவே அவருடைய ஆட்கள் ஷாண்டி பாடினார்கள் என்று நாம் எங்கும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவருடைய கப்பல்கள் பாயோடு துடுப்பும் கொண்டவை. 1601இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவர் அவருக்குச் சொந்தமான கப்பலொன்றை எதிர்கொண்டு, அதில் 30 துடுப்புகளும் 100 துப்பாக்கி வீரர்களும் இருந்ததாக எழுதினார். அயர்லாந்தின் விடுதலைக்கான 1916 எழுச்சிக்காக உயிரிழந்த பேட்ரிக் பியர்ஸ் திருத்தியமைத்த பழைய பாடலொன்றில் கிரான்யே கடல் கடந்து வரும் அயர்லாந்தாகவே போற்றப்படுகிறார். ஆனால் அது அணிநடைக்குரியது, கயிறிழுக்க உதவாது.

கோடையில் ஒரு ஞாயிறன்று ரூனா துறையிலிருந்து படகேறிக் கிளேர் தீவுக்குச் சென்றோம். தீவின் துறைக்கருகே கிரான்யேயின் கோட்டை நிற்கிறது. அவர் அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் பழைய மடாலயத்தில், ஓ மாலி குலத்தின் கற்பலகையில் காட்டுப்பன்றியும் துடுப்புக் கப்பலும், நிலத்திலும் கடலிலும் வல்லோர் என்ற லத்தீன் வாசகமும் செதுக்கப்பட்டுள்ளன. கல் தேய்ந்திருந்தாலும் துடுப்புகளை விரலால் தடவ ஆசை எழுந்தது, தொடவில்லை. திரும்பும் வழியில் கண்ட ராக்ஃபிளீட் கோட்டையின் அடிச்சுவரைக் கடல்நீர் நனைத்துக்கொண்டிருந்தது. தம் கப்பலின் கயிற்றைச் சுவர்த்துளை வழியே உள்ளிழுத்துக் கட்டிலில் கட்டி உறங்கினார் என்று சொல்லப்படும் கோட்டை இதுவே. கூந்தல் கதையையும் இதையும் ‘என்பார்கள்’ என்ற சொல்லுடன் பாட்டில் சேர்த்துள்ளோம்.

அவரைக் கொள்ளைக்காரி என்று பாடலாமா என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. அவருடைய குலத்தார் இந்த வழியே சென்ற கப்பல்களிடம் சுங்கம் வாங்கினர், கொடுக்காதவரைக் கொள்ளையடித்தனர். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பெயரைச் சூட்டிய ஆங்கிலேய அதிகாரிகளுள் முதன்மையான ரிச்சர்ட் பிங்கம், 1584இல் மேயோ அடங்கிய கானாக்ட் மாகாணத்துக்குத் தலைவராக வந்தபின் கிரான்யேயின் கால்நடைகளைப் பறித்தவர். 1586இல் கிரான்யேயின் மூத்த மகன் ஓவன் கொல்லப்பட்டதும் பிங்கம் தரப்பினரின் கையில்தான். ஆகவே சுங்கத்துக்கு ஓரடியும் மகனுக்கு ஓரடியும் அளித்தோம். மகனுக்கான அடியை மெதுவாகப் பாட வேண்டுமென்று சிலர் விரும்பினர். அங்கே தளர்ந்தால் மூட்டை இறங்கிவிடும் என்பதைப் பாடிப் பார்த்தே உணர்ந்தோம். அதே தாளத்தில் பாடுகையில் அந்த அடி என்னை இன்னும் அதிகமாக வருத்துகிறது.

எஞ்சியிருப்பது 1593ஆம் ஆண்டுக்கான அடி. இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் தலைமை ஆலோசகர் பர்லி பிரபு அனுப்பிய 18 வினாக்களுக்கு விடையளித்து, செப்டம்பரில் கிரீனிச் அரண்மனையில் அரசியை நேரில் சந்தித்து, சிறையிலிருந்த இளைய மகன் திபோட்டையும் சகோதரரையும் விடுவிக்கும்படி பிங்கமுக்கு மடல் பெற்றுவந்தார் கிரான்யே. இருவரும் லத்தீனில் பேசினர் என்பது மரபு. அறுபது வயது அரசியின் முன் அவரைவிட மூத்தவளாக ஒரு தாய் நின்ற காட்சியை இரண்டு இழுப்புகளுக்குள் அடக்கும் வரி எங்களில் யாருக்கும் இன்னும் வாய்க்கவில்லை. எழுத முன்வரும் உறுப்பினர்கள், அடுத்த ஒத்திகைக்குள் தங்கள் வரியைக் கயிற்றில் இழுத்துப் பார்த்துவிட்டுக் குழுவிடம் தருமாறு வேண்டுகிறேன். பழைய கயிறு நைந்துவிட்டதால், புதிய கயிறு வாங்க இசைவளித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்